மந்திரி கார் இடித்த இடம்

ஆயுத பூஜைக் காலை. மண்ணூர் ரைஸ் மில் வாசலில் கழுவி நிறுத்திய பழைய அம்பாசிடரின் வலப்பக்கப் பின்கதவில் சோற்றுக் குண்டான் அளவுக்கு ஒரு பள்ளம். ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்து துரு கசிகிறது. டிங்கர் கண்ணப்பன் அதைத் தடவிப் பார்த்து, "தட்டி நிமித்திடட்டா மொதலாளி? அசிங்கமா கீது" என்கிறான். மில் முதலாளி முனிரத்தினம் பதறி ஓடிவருகிறார். "கைய எட்றா! மந்திரி காரு இடிச்ச எடம்டா அது. எந்த மில்லுக்காரனுக்குக் கெடைக்கும் இந்த பாக்கியம்?" சொல்லிக்கொண்டே பள்ளம் முழுக்கச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைக்கிறார். அத்தனை இதமான விரல்கள். மனைவி ரத்னா பார்த்து நிற்கிறாள். கார் இடிபட்ட அன்றைக்கு அந்தக் கதவோரம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். புத்தூர்க் கட்டுப் போட்டும் வலது தோள் தேறவில்லை. அந்த வீக்கத்தில் ஒருநாள்கூட இந்த விரல்கள் எண்ணெய் தடவியதில்லை. பொரியில் கிடக்கும் வெல்லத்தை மொய்த்த ஈக்களில் ஒன்று சந்தனத்தில் வந்து உட்கார, அவர் துண்டால் மெல்ல விசிறி ஓட்டுகிறார். பிறகு கற்பூரத் தட்டை அவளிடம் நீட்டுகிறார். அவள் காட்டுகிறாள். தட்டு இடுப்புக்கு மேல் எழும்பவில்லை.

"நல்லா தூக்கிக் காட்டேன். கைக்கு இன்னா கேடு வந்துச்சு?"