கோணிய நடுப்புள்ளி

நாங்கள் போகவிருந்த வெளிநாட்டுக் கடற்கரை விடுதியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே சிவப்பு நிறத்தில், நனைந்துபோன குழந்தைச் செருப்பு ஒன்று மட்டும் இருந்தது. போனில் கேட்டால், போன தடவை என் பேத்தி கரையில் விட்டுப்போனது என்கிறார்கள். எங்களில் யாரும் அங்கே போனதே இல்லை.

அதன் அடியில் மூன்று புள்ளிகள் இருந்தன. எங்கள் வீட்டுச் செருப்புகளுக்கு நான் ஊசியைச் சுட்டு வைக்கும் அடையாளம்.

"அந்தக் கடல் வேண்டாம்டா," என்றேன் மகனிடம்.

"வெளிநாடு போறோம்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டது நீங்கதானேப்பா? மூணு புள்ளி என்ன, உங்களுக்கு மட்டும் பட்டா போட்டதா?"

மறுபடி பார்த்தேன். நடுப்புள்ளி கோணியிருந்தது. என் கை கோணாது. சொன்ன சொல்லை மாற்றும் பழக்கமும் எங்கள் குடும்பத்தில் இல்லை. சம்மதித்தேன்.

மறுநாள் மருமகள் புதுச் செருப்பு வாங்கிவந்தாள். பேத்தி அதே மாதிரி சிவப்பு வேண்டுமென்று அடம்பிடித்தாளாம். நான் ஊசியைத் தேடும்போதே பேத்தி ஓடிவந்தாள்.

"தாத்தா, அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, நானே புள்ளி வெச்சுட்டேன்! நடுவுலதான் கொஞ்சம் வழுக்கிடுச்சு."

செருப்பைத் திருப்பிக் காட்டினாள். மேசை மேலிருந்த ஒற்றைச் செருப்பு இன்னும் காயவில்லை.