இரண்டு மணி ஐந்து நிமிடம்

அந்த ஊருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார் பல் டாக்டர்.

டிக்கெட் ஏஜென்ட் கணினியைப் பார்க்காமலே சொன்னான். தூரம் ஆயிரத்து நானூற்று இருபது கிலோமீட்டர். டிக்கெட்டில் இரண்டரை மணி என்று போட்டிருக்கும். ஓடுபாதையில் ஊர்கிற நேரமும் அதில் அடக்கம். வானத்தில் இருப்பது சரியாக இரண்டு மணி ஐந்து நிமிடம்.

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய டாக்டர் தன் வாயைப் பிளந்தார். தனக்கும் மனைவிக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் துல்லியத்தில்தான் ஏஜென்ட்டின் பிழைப்பு ஓடியது. சம்பளப் பிழைப்பு அல்ல, மற்றது. இப்போதெல்லாம் வசதியான வீடுகளில் கேமரா இருக்கிறது. ஈ நுழைந்தாலும் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குப் படம் போய்விடும். ஆனால் வானத்தில் இருப்பவரின் கைப்பேசி அணைந்திருக்குமே! அவர் தரையிறங்குவதற்குள் ஹெல்மெட் போட்ட ஓர் உருவம் வந்து, வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும். இரண்டு வருடத்தில் நான்கு வீடுகள். எடுத்த நகையை உடனே விற்கிற அவசரக்குடுக்கையும் அல்ல அவன். எல்லாம் வீட்டில் பத்திரமாக இருந்தது. ஒண்டிக்கட்டை, கேட்க ஆளில்லை.

டாக்டர் வீட்டில் போன வருடமே கைவைத்தாகிவிட்டது. ஒரே வீட்டுக்கு இரண்டாம் முறை போவதில்லை என்பது அவன் கொள்கை. ஆனால், போனதற்கு ஈடாக மனைவிக்கு வைர நெக்லஸ் வாங்கிக் கொடுத்திருப்பதாக டாக்டரே பெருமையடித்துக்கொண்டபோது கொள்கை கொஞ்சம் வளைந்துகொடுத்தது.

குறித்த நாளில், பதினொன்று பத்துக்கு விமானம் கிளம்பியதை இணையத்தில் உறுதி செய்துகொண்டான். ஆபீசில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். டாக்டர் வீட்டுப் பின்கதவு போன வருடத்தைப் போலவே சமர்த்தாகத் திறந்தது.

படுக்கையறையில் மூன்றாவது இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவன் கைப்பேசி அலறியது. திரையில் டாக்டரின் பெயர். சத்தத்தை நிறுத்தும் பதற்றத்தில் எடுத்துவிட்டான்.

“நாங்க பிளேன்ல ஏறலை தம்பி. ஹெல்மெட்டைக் கழட்டிட்டே பேசுங்க, புழுக்கமா இருக்கும்.”

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றான் ஏஜென்ட்.

டாக்டர் கோபப்படவே இல்லை. போன வருடம் தாம் பறக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் அறிந்திருந்தவர் ஒருவர்தான் என்பது தமக்குப் புரியத் தாமதமாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். வைர நெக்லஸ் என்று ஒன்று கிடையவே கிடையாதாம்.

“போலீஸ் வருதா?” என்றான் ஏஜென்ட். ஜெயில் கம்பிகள் கண்ணில் ஆடின.

“போலீஸ்கிட்ட போனா நகையெல்லாம் கோர்ட்டுல முடங்கிடும். அம்மா போட்ட வளையல் போச்சேன்னு எங்க வீட்டம்மா ஒரு வருஷமா அழுதுட்டிருக்கா. பல்லு பிடுங்க வந்தப்ப உங்க விலாசம் எழுதிக் கொடுத்தீங்க இல்ல? அங்கேருந்து நம்ம வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். நீங்க எப்படிப் பறந்து வந்தாலும் நாற்பது நிமிஷம் ஆகும்.”

ஏஜென்ட் பின்கதவைப் பார்த்து நடந்தான்.

“நாங்க ரெண்டு பேரும் இப்ப உங்க பீரோ முன்னாடிதான் நிக்கிறோம், சாவி எங்கேன்னு சொல்லிட்டா பூட்டை உடைக்க வேண்டியிருக்காது.”