கெசியா காட்டிய வட்டம்

சூலூரில் கெசியாவின் வீட்டுச் சுவரை ஒட்டி நாற்பது விசைத்தறிகள் ஓடுகின்றன. அங்கே இடி விழுவதாக இருந்தாலும், தறி நிற்கட்டும் என்று காத்திருந்துதான் விழும். பஞ்சு ஏறி அவளுடைய கீபோர்டு காலையிலேயே செத்துவிட்டது. மைக்கோ, இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று அவள் குரலையும் சேர்த்தே வடிகட்டிவிடுகிறது. இணையப் புதிர்ப் போட்டியின் கடைசிக் கேள்விக்கு மூன்று நாள் மல்லுக்கட்டி விடை கண்டவள் அவள்தான். மீதியிருப்பது ஒரே வாய்ப்பு, முப்பது விநாடி. வீடியோ அழைப்பில், சரவணம்பட்டியிலிருந்து அவள் அணித் தோழன் கிளமென்ட், அவள் நேற்றுச் சொன்ன விடையை அடித்து வைத்திருப்பது திரையில் தெரிகிறது. பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது. கெசியா கத்துகிறாள். ஜன்னல் கம்பியில் ஒட்டிய பஞ்சு லேசாக அசைகிறது, அவ்வளவுதான். “ஏனுங்க பவன், நீங்க சரின்னா அனுப்பிப்போடறேனுங்க” என்கிறான் கிளமென்ட். “அட, நீங்க மூத்தவிங்க, நீங்களே முடிவு பண்ணுங்க” என்கிறான் அணியின் மூன்றாமவனான தாராபுரத்துப் பவன். இந்த மரியாதையிலேயே பதினெட்டு விநாடி கரைகிறது. கெசியா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பூஜ்யமாக வளைத்து, கேமராவுக்கு முன்னால் நீட்டுகிறாள். கிளமென்டின் முகம் மலர்கிறது. “பாருங்க, கெசியாவே சூப்பர்னு காட்டிப்போட்டாங்க.” அனுப்பிவிடுகிறான். பிறகு அதே வட்டத்தைத் தன் விரலிலும் வளைத்து, சிரித்தபடி அவளுக்குக் காட்டுகிறான். அதற்குக் கீழே ‘தவறான விடை’ என்று சிவப்பாக எழுத்து வருகிறது. கெசியாவின் விரல்கள் இன்னும் பிரியவில்லை.