வால்வை அடைத்தது யார்?

செத்துப்போன மனுஷனைத் திட்டுவது ட்ரூடிக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு வாய் வரை வந்துவிட்டது.

கையில் ஒரு இரும்புத் தகடு. தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். நெவிலின் பழைய டீசல் வண்டியிலிருந்து இப்போதுதான் கழற்றி எடுத்தாள்.

நெவில் எதிர்வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். கோதுமை விவசாயத்தை விட்டாலும் தொப்பியை விடாதவர். காலையில் வண்டியை உள்ளே விட்டுவிட்டுச் சொன்னார்.

"கரும்புகையா கக்குது. மேடு ஏற மாட்டேங்குது. அந்தப் புகை வால்வைக் கழட்டிக் கரியைச் சுரண்டணும். கிளாரி இருந்த வரைக்கும் மாசம் தவறாம செய்வான். பதினோரு வருஷமா."

"சரி, நெவ்" என்றாள் ட்ரூடி.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்னொரு மனுஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்குச் செவ்வாய்.

கிளாரி இறந்த பிறகு அவருடைய பட்டறையை எடுத்து நடத்த அடிலெய்ட் நகரத்திலிருந்து இந்தச் சின்ன ஊருக்கு வந்தவள் அவள். நாற்பத்தாறு வயது. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். வந்து மூன்று மாதம் ஆகிறது.

ஊர் மோசமில்லை. எதிரே வண்டியில் வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். அதோடு சரி. வண்டி கெடாமல் பட்டறை வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். சும்மா வந்து நிற்க அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இருந்திருந்தால் அந்த முடிவே எடுத்திருக்க மாட்டாள்.

வால்வைக் கழற்றினாள். இஞ்சின் விட்ட புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இஞ்சினுக்கே அனுப்புகிற வால்வு அது. வயசான டீசல் வண்டிகளில் கரி அப்பிக்கொண்டு உயிரை வாங்கும்.

இதில் கரியே இல்லை.

புகை வரும் வழியையே தகடு வைத்து அடைத்திருந்தது. தகட்டில் இருந்த துருவைப் பார்த்தால் பத்து வருடத்துக்குக் குறையாது. புகையே போகாத வால்வில் மாதாமாதம் எதைச் சுரண்டினாராம் அந்த கிளாரி?

"நெவ், கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

நெவில் இரண்டு டீக் கோப்பைகளோடு வந்தார். பத்து மணியானதும் கேட்காமலேயே கெட்டிலைப் போட்டிருந்தார்.

"கிளாரி உங்களுக்கு நெருங்கின நண்பரா?"

"அவன் சமையலைத் தின்னுட்டும் உசுரோட இருக்கேன். இதுக்கு மேல என்ன நட்பு வேணும்?"

"சொல்லவே சங்கடமா இருக்கு. அவர் உங்களை நல்லா ஏமாத்தியிருக்கார். வழியை அடைச்சுட்டு, அடைச்ச வால்வைச் சுத்தம் பண்றேன்னு சொல்லியிருக்கார். பதினோரு வருஷம்! அடைக்கிறதே சட்டத்துக்கு விரோதம். மனசாட்சி இருக்கிற ஆள் செய்யற வேலையா இது?"

நெவில் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் கோணலா இருக்குல்ல?"

"ஆமா."

"கத்தரி சரியில்லை. பழைய தண்ணித் தொட்டித் தகடு. நான்தான் வெட்டினேன்."

"நீங்களா?"

"கிளாரி சட்டம் பேசுவான். அடைக்க மாட்டேன்னுட்டான். நானே வெட்டிப் போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் இந்த வண்டி ஒரு நாளும் புகைஞ்சதில்லை."

"பின்ன எதுக்கு மாசாமாசம் கொண்டு வந்தீங்க?"

நெவில் டீயை ஒரு வாய் குடித்தார்.

"அவன் பொண்டாட்டி ஐரீன் செத்துப்போன வருஷம் அது. சும்மா வந்து நின்னா, 'என்ன கெட்டுப்போச்சு?'ம்பான். ஒண்ணும் கெடலைன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துவான். சரி போ, வண்டி கெட்டுப்போச்சுன்னே வச்சுக்குவோம்னு கொண்டு வந்தேன்."

"அவருக்கு இது தெரியாதா?"

"தெரியாம என்ன? முதல் நாளே கழட்டிப் பார்த்தானே. ஒரு வார்த்தை கேக்கலை. மாட்டினான், கெட்டிலைப் போட்டான். ரெண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் கால்பந்தாட்டத்தைப் பத்திச் சண்டை போட்டோம்."

ட்ரூடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மனசாட்சி இல்லாத ஆள் என்று சொல்லிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, செத்துப்போன கிளாரியின் மேல் பொறாமையாக இருந்தது. அவருக்கு இப்படி ஒருத்தர் வாய்த்திருக்கிறார்.

அந்த எரிச்சல் குரலில் வந்துவிட்டது.

"கிளாரிதான் இல்லையே. மூணு மாசமா நீங்களும் இந்தப் பக்கம் தலைகாட்டலை. இன்னைக்கு எதுக்கு, கெடாத வண்டியைக் கொண்டுவந்து என் நேரத்தை வீணாக்குறீங்க?"

நெவில் தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுவது போலப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது.

"நேத்து இந்த வழியா நடந்து போனேன். உள்ள நீ பேசிச் சிரிச்சுட்டு இருந்தே. பரவால்லையே, பொண்ணுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு சந்தோஷமா எட்டிப் பார்த்தேன்."

ட்ரூடி தன் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"ராத்திரிக்கு என்ன சமைக்கலாம், சொல்லுன்னு டயருக்குக் காத்தடிக்கிற அந்த மெஷினைக் கேட்டுட்டு இருந்தே" என்றார் நெவில். "கிளாரிக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது."