சங்கத்துக்கு ஒரு கார்டு

"நாம ஆடு தின்னோம், ஹனீஃப் பாய் பிளேன் ஏறினார். வருஷக்கணக்கா இதுதானே நடக்குது?"

செயலாளர் இம்தியாஸ் சொன்னதும் கூடம் கொல்லென்று சிரித்தது.

ஆக்லாந்தின் மாங்கரேயில், பிஜியிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்களின் சங்கக் கூட்டம் அது. நோன்பு திறக்கும் சாப்பாடு, பெருநாள் ஆட்டுக்கறி, கூடத்து வாடகை என்று எந்தச் செலவானாலும் டயர் கடை ஹனீஃப்தான் தன் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார். பிறகு ரசீதைக் கொடுத்துச் சங்கத்திடம் பணத்தை வாங்கிக்கொள்வார். கணக்கில் ஒரு காசு பிசகாது. ஆனால் அந்தச் செலவுக்கெல்லாம் கார்டு தரும், விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய பாயிண்டுகள் அவர் பெயரில் சேர்ந்துவிடும்.

"ஏறி எங்க போனாராம்? டயர் கடையை ஒருநாள்கூட மூடினதில்லையே அவர்?" என்றார் ஒருவர்.

"அவர் போகலைன்னா என்ன? பொண்ணு, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைங்க இல்லையா?"

மறுபடி சிரிப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹனீஃபைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சங்கத்துப் பணம்னா பாயிண்டும் சங்கத்துக்குத்தான்," என்றார் இம்தியாஸ். "இனிமே பாய் கடைக்குப் போகவும் வேணாம், கார்டைத் தேய்க்கவும் வேணாம். சங்கத்துக்கே ஒரு கார்டு வாங்கிடுவோம். நஸ்மீன், நீ சொல்லும்மா."

நஸ்மீன் வங்கியில் வேலை பார்ப்பவள். மூன்று கார்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"முதல் கார்டுக்கு வருஷக் கட்டணம் ஜாஸ்தி, பாயிண்டும் ஜாஸ்தி. ரெண்டாவதுல சேர்ந்த உடனே நிறைய பாயிண்ட் இனாமா கொடுப்பாங்க, அப்புறம் சுமார்தான். மூணாவதுக்குக் கட்டணம் கம்மி. ஆனா முதல் கார்டுல வர்றதுல பாதிப் பாயிண்ட்தான் வரும்."

"கார்டுன்னா வட்டி வருமே புள்ள? சங்கம் வட்டி கட்டலாமா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் அஸ்மத் சாச்சா.

"கெடுவுக்குள்ள முழுசாக் கட்டிட்டா வட்டியே கிடையாது சாச்சா."

"கட்டலைன்னா?"

"கட்டிடணும் சாச்சா."

"அப்ப முதல் கார்டே இருக்கட்டும்," என்றார் இம்தியாஸ். "வருஷக் கடைசியில குலுக்கல் போட்டு, ஒரு குடும்பத்தை ஊருக்கு அனுப்பி வைப்போம். எல்லாருக்கும் தெரிஞ்சு நடக்கும்."

கைதட்டல் அடங்கியபோது ஹனீஃப் எழுந்து நின்றிருந்தார்.

"நஸ்மீன், அந்தப் பாயிண்ட்ல யார் பேருக்கு வேணும்னாலும் டிக்கெட் போடலாமா?"

"முதல் ரெண்டுலயும் முடியாது சாச்சா. முன்கூட்டியே பதிஞ்சு வச்ச பேருக்குத்தான் போட முடியும். மூணாவதுல யாருக்கும் போடலாம்."

"அப்ப மூணாவதே எடுங்க," என்றார் ஹனீஃப்.

"பாதிதான் சேரும் சாச்சா!"

"பரவாயில்லைம்மா."

இம்தியாஸ் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பார்த்தீங்களா? கார்டு இன்னும் கைக்கே வரல. பாய் அதுக்குள்ள சொந்தக்காரங்களுக்கு சீட்டுப் பிடிக்கிறார்!"

சிரிப்பு ஓயும்வரை ஹனீஃப் காத்திருந்தார்.

"டிக்கெட் போட யார் சம்மதம் வேணும், இம்தியாஸ்?"

"கமிட்டி கூடி முடிவு பண்ணும். மாசா மாசம் முதல் ஞாயிறு. அப்பத்தான் யாரும் தன் இஷ்டத்துக்குச் சுருட்ட முடியாது."

"அது சரிப்படாதுப்பா." ஹனீஃபின் குரல் தணிந்தே இருந்தது. "ராத்திரி துக்கச் சேதி வந்தா காலைல முதல் பிளேன்ல ஏத்திவிடணும். ஊர்ல ஜனாஸாவை நமக்காக வச்சிருக்க மாட்டாங்க, அன்னிக்கே அடக்கம் பண்ணிடுவாங்க. கடைசி நேரத்துல டிக்கெட் விக்கிற விலைக்கு எல்லாராலயும் வாங்க முடியாது."

யாரும் சிரிக்கவில்லை.

"அட, அதுக்கு எதுக்கு பாய் கார்டு?" இம்தியாஸின் குரலும் கொஞ்சம் இறங்கியது. "அதுக்குத்தான் சங்கத்துல அவசர நிதி இருக்கே! எங்க வாப்பா மவுத்தானப்ப நான் அதுலதானே போனேன்? நீங்கதானே விடியக்காலைல வீட்டுக்கு வந்து, 'சங்கம் போட்டுக் கொடுத்த டிக்கெட்'னு சொல்லி என்னை ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டீங்க? அன்னிக்கு அந்த நிதி இல்லைன்னா ஊர்ல, லவுடோகாவுல, எங்க வாப்பாவுக்கு நான் மூணு கை மண்ணு போட்டிருக்க முடியுமா?"

"என் தங்கச்சி மவுத்துக்கு நானும் அதுலதான் போனேன்," என்றார் அஸ்மத் சாச்சா.

"நாங்களும்தான்," என்றாள் பின்னால் ஒரு பெண்.

ஹனீஃப் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

இம்தியாஸ் பொருளாளர் ஷமீம் பக்கம் திரும்பினார். "அக்கா, கணக்கெல்லாம் உங்க கையிலதானே? அந்த நிதியில இப்ப எவ்வளவு இருக்குன்னு பாய்க்குச் சொல்லுங்க. நிம்மதியாப் போகட்டும்."

ஷமீம் கடைசி வரிசையைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் ஹனீஃப் மெல்லத் தலையசைத்தார்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நம்ம சங்கத்துல அப்படி ஒரு நிதி எப்பவும் இருந்ததே இல்லை, தம்பி."