ஒரு விரல் துணி

வெட்டு மேசையில் நீலத் துணி விரிந்து கிடந்தது. கத்தரிக்கோல் வாயைத் திறந்துகொண்டு வந்தது.

"கொஞ்சம் பொறு," என்றது கம்ப்யூட்டர். எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று அதன் திரையில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. சட்டையின் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு கீற்றுத் துணி மிஞ்சியிருந்தது.

"இதுக்கா பொறுக்கச் சொல்றே? எப்பவும் போலக் கழிவு மூட்டையில தள்ளு!" என்றது கத்தரிக்கோல்.

கீற்று மேசையோடு ஒட்டிக்கொண்டது. மூட்டைக்குப் போனால் அடுத்தது பாய்லர் அடுப்புதான்.

கம்ப்யூட்டர் இடது கையிடம் கேட்டது. "நீ தலைகீழாத் திரும்பிப் படுத்தா இது ஒரு விரல் அகலம் வரும். படுக்கிறியா?"

"எனக்குத் தலை சுத்துமே!" என்று முனகிய கை, கீற்றைப் பார்த்தது. "சரி, பொழைச்சுப் போ," என்று திரும்பிப் படுத்தது.

கத்தரிக்கோல் கீற்றை முழுசாக வெட்டியெடுத்தது. தையல் மெஷின் அதை மடித்து, ஆணியில் மாட்டுவதற்கான காதாகக் காலருக்குக் கீழே தைத்தது.

ஒரு மழை நாளில் அந்தச் சட்டை நனைந்து கனத்து வாசல் சுவர் ஆணியில் தொங்கியது. கீழே ஒரே சேறு. மொத்தப் பாரத்தையும் கீற்றுதான் பிடித்திருந்தது.

கை அண்ணாந்து பார்த்தது. "உன் புண்ணியத்துல சேத்துல விழாம இருக்கேன். ரொம்பப் பாரமா இருக்கா?"

"அதை விடு," என்றது கீற்று. "அன்னைக்கு எனக்காகத் தலைகீழாப் படுத்தியே, ரொம்பத் தலை சுத்துச்சா?"