சர்க்கரை இல்லாத டீ

"ஏன் அண்ணி, எங்கப்பா உங்களைப் பாராட்டினா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா? நல்ல கதையா இருக்கே!"

அப்பாவுக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றியபடியே கேட்டாள் நாத்தனார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஆனால் கையில் எடுத்த பையைக் கீழே வைக்கவில்லை.

மாமனார் சட்டை ஃபேக்டரியில் முப்பது வருஷம் செக்கிங் வேலை பார்த்தவர். ஒரு நூல் பிசிறு தெரிந்தால் போதும், ரிஜெக்ட் முத்திரை குத்திவிடுவார். ரிட்டயரானதும் மருமகளைச் செக் பண்ண ஆரம்பித்தார். டீ ஆறிப்போச்சு. தலையணை உறை கோணல். கதவு சாத்தின சத்தம் ஜாஸ்தி.

ஐந்து நாளாக அவருக்குக் காய்ச்சல், நெஞ்சுச் சளி, இருமல்.

"காய்ச்சல்தான் விட்டுடுச்சே," என்றான் கணவன். "இப்ப என்ன?"

"காலையிலேர்ந்து மூணு தடவை 'நல்லா இருக்கும்மா'ன்னு சொல்லிட்டார்ங்க."

"அது ஒரு குத்தமா?"

"சந்தேகமா இருந்துச்சு. சர்க்கரையே போடாம ஒரு டீ கொடுத்துப் பார்த்தேன். அதையும் அருமைன்னு குடிச்சுட்டார்."

"கேட்டியா அண்ணா! உடம்பு முடியாத மனுஷனுக்குச் சர்க்கரை இல்லாத டீ!"

"அவர் சட்டையைப் பாருங்க," என்றாள் மருமகள் மெதுவாக.

கட்டிலில் மாமனார் யாரையோ பார்ப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தார். பட்டன் எல்லாம் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தது.

கணவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு," என்றார் டாக்டர். "குறைஞ்சது நூத்தி முப்பத்தஞ்சு இருக்கணும். இவருக்கு நூத்திப் பதினஞ்சு. சளிக் கிருமி நெஞ்சுல இறங்கினா சிலருக்கு இப்படி ஆகும். உடம்பு தண்ணியை வெளியே விடாம பிடிச்சு வச்சுக்கும். அதான் புத்தி தடுமாறுது. தண்ணி நிறையக் கொடுத்தீங்களா?"

நாத்தனார் தண்ணீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டிருந்தா வலிப்பே வந்திருக்கலாம். யார் கண்டுபிடிச்சது?"

நாத்தனார் அண்ணியைக் கை காட்டினாள்.

உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். நாலாம் நாள் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இது போர்வையா, சாக்கா? மடிச்ச லட்சணத்தைப் பாரு!"

"சரியாயிட்டார்ங்க!" மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நடந்ததையெல்லாம் மகள் சொல்லச் சொல்லக் கேட்டார், சர்க்கரை இல்லாத டீ வரைக்கும்.

டாக்டர் சொன்ன அளவுக்கு அரை டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள் மருமகள். ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சிஸ்டர்! ஓடி வாங்க, மாமாவுக்கு மறுபடி உப்பு இறங்கிடுச்சு!"

"கத்தாதே. உப்பு சரியாத்தான் இருக்கு." மாமனார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபேக்டரியில என்கிட்ட ரெண்டு முத்திரை இருந்துச்சும்மா. பாஸ் முத்திரையை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."